துணியை மிஞ்சும் தையல் கூலி

எங்கள் உம்மா வீட்டிலிருந்து உடுப்புத் தைப்பவர். கடந்த நோன்புப் பெருநாளைக்கு எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளாவது உம்மா தைத்த உடுப்பைத்தான் உடுத்தார்கள். எனது தங்கை மட்டும் கடையில் தொங்கிய உடுப்பொன்றை உடுத்தாள். "தையல்காரி மகளுக்குக் கடை உடுப்பா?" என்று கூட்டாளிமார் கேட்டுவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். உம்மா அவளது தலையைத் தடவிவிட்டு, "ஒனக்குத் தைக்கிற நேரத்தில ரெண்டு சாரிச் சட்டைய முடிச்சா, அந்தக் கூலில ஒனக்கு உடுப்பும் வாங்கலாம், மிச்சமும் வரும் மகள்" என்றார்.

நான் உயர்தர வர்த்தகப் பிரிவில் படிப்பவள். பொருளியல் பாடத்தின் முதல் அலகிலேயே 'அமையச் செலவு' வருகிறது. ஒன்றைச் செய்வதற்காக நாம் விட்டுக்கொடுக்கும் அடுத்த நல்ல வாய்ப்பின் பெறுமதி என்று வரைவிலக்கணம் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். பாடப்புத்தகத்தை ஒரு நாளும் விரித்துப் பார்க்காத உம்மா அதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. நாங்கள் பெரியம்மா என்று அழைக்கும் அயல் வீட்டுக்காரர் ஒருவர் தன் பேத்தியின் சல்வாரை வாங்க வந்தார். கூலியைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "என்ன தங்கச்சி, துணி எடுத்த காசுக்குக் கிட்ட வருதே தையல் கூலி! ஒரு பந்து நூலும் ரெண்டு மூணு மணித்தியாலமும்தானே?" என்றார். உம்மா ஒன்றும் பேசவில்லை. "நீங்க பாத்துத் தாங்க ராத்தா" என்று சொல்லிக் குறைத்து வாங்கிக்கொண்டார். அன்றிரவு மெஷின் சத்தம் சஹர் வரை ஓயவில்லை.

உண்மையைச் சொன்னால் அப்போது நானும் மனதுக்குள் பெரியம்மாவின் பக்கம்தான் இருந்தேன். துணிக்குப் பருத்தி விளைய வேண்டும், நூல் நூற்க வேண்டும், நெய்ய வேண்டும், சாயம் போட வேண்டும், கப்பலில் வரவேண்டும். இத்தனையும் கடந்து வந்த துணியின் விலையை, வீட்டு மூலையிலிருந்து தைக்கும் கூலி எட்டிப் பிடிப்பது நியாயமா என்று தோன்றியது. இந்தக் கேள்வியோடுதான் உம்மாவின் பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன்.

உம்மா கணக்கில் கெட்டிக்காரி. கல்யாணம் முடித்த காலத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறார். சிலருக்குத் துணியும் அவரே எடுத்துக் கொடுத்துத் தைத்ததால் துணியின் விலை ஒரு பக்கமும் தையல் கூலி மறுபக்கமும் இருந்தன. ஆரம்பக் கொப்பிகளில் ஒரு சல்வாரின் தையல் கூலி துணி விலையில் நான்கில் ஒரு பங்களவுதான். நடுவில் வந்த கொப்பிகளில் அது பாதியாகிறது. இப்போதைய கொப்பியில் துணியும் கூலியும் தோளோடு தோள் நிற்கின்றன. சில சாரிச் சட்டைகளில் கூலி துணியை மிஞ்சியும் விட்டது.

எல்லாமேதானே விலை ஏறிவிட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், ஓராண்டுக்கு முந்தியதைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றதை நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அது பணவீக்கம். ரூபாவின் பெறுமதி இறங்கும்போது துணியும் ஏறும், கூலியும் ஏறும், பாணும் பருப்பும் ஏறும். எல்லாம் ஒரே அளவில் ஏறியிருந்தால் நான்கில் ஒன்று இன்றும் நான்கில் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். துணியோடு ஒப்பிட்டால் கூலி ஏன் ஏறியது என்பதுதான் கேள்வி. நாங்கள் வகுப்பில் 'சார்பு விலை' என்று படிப்பது இதைத்தான்.

கொப்பியைக் கொண்டுபோய் எங்கள் பொருளியல் டீச்சரிடம் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது அமெரிக்காவில வாத்தியக்காரருக்கு வந்த பிரச்சினை. ஒங்கட உம்மாக்கும் வந்திரிக்கி" என்றார். அவர் விளங்கப்படுத்தியதையும் பின்னர் நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1960களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் போமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் இருந்தார்கள். நாடகக் குழுக்களும் இசைக் குழுக்களும் ஏன் எப்போதும் பணமுடையிலேயே இருக்கின்றன என்று ஆராய்ந்து, 1966இல் இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். நிர்வாகம் சரியில்லை, வீண் செலவு கூடிவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர்கள் கண்டது வேறு. 1967இல் போமோல் தனியாக எழுதிய கட்டுரையொன்றில் எளிமையான ஒரு கணக்கு இருக்கிறது. அரை மணித்தியால இசையொன்றை ஐந்து பேர் வாசித்தால் அதற்குச் செலவாகும் மனித உழைப்பு இரண்டரை மணித்தியாலம். இருநூறு வருடங்களுக்கு முன்னரும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான். உற்பத்தித்திறனைக் கூட்டுகிறோம் என்று அதே இசையைப் பதினைந்து நிமிடத்தில் வாசித்து முடித்தால் கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஐவரில் இருவரை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

இதே இருநூறு வருடத்தில் துணி ஆலைகளிலும் வயல்களிலும் ஒரு மனிதனின் ஒரு மணித்தியால உழைப்பு தரும் பொருள் பல மடங்காகிவிட்டது. அங்கே சம்பளமும் உயர்ந்தது. வாத்தியக்காரனின் வேலை மாறவில்லை. அதற்காக அவன் இருநூறு வருடத்துக்கு முந்திய சம்பளத்துக்கு வருவானா? அவனுக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆகவே அவனது சம்பளமும் ஏறுகிறது. ஏறும் சம்பளத்துக்கு ஈடாக அவன் கூடுதலாக எதையும் வாசிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு கச்சேரியின் செலவும் ஏறிக்கொண்டே போகிறது. இதற்குப் பின்னர் வந்த பெயர் 'கிரய நோய்'. நோய் என்று சொல்வது எனக்கு அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். அங்கே ஒரு நெசவாளி, ஒரு தையல்காரி. நெசவாளி ஒரு நாளில் 2 சாரம் நெய்கிறார். தையல்காரி ஒரு நாளில் 2 சட்டை தைக்கிறார். இருவருக்கும் நாட்கூலி 1000 ரூபா. நூல் விலை, இயந்திர விலை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். ஒரு சாரத்தின் கூலி 500, ஒரு சட்டையின் கூலியும் 500. இப்போது நெசவாளிக்கு விசைத்தறி வருகிறது. ஒரு நாளில் 10 சாரம் நெய்கிறார். அவரது நாட்கூலி 2000 ஆகிறது. சம்பளம் இரண்டு மடங்காகியும் ஒரு சாரத்தின் கூலி 200க்கு இறங்கிவிட்டது. தையல்காரி இன்றும் 2 சட்டைதான். அவருக்கும் 2000 கிடைக்க வேண்டுமென்றால் ஒரு சட்டைக்கு 1000 வாங்க வேண்டும். முன்னர் ஒரு சட்டைக் கூலி ஒரு சாரத்துக்குச் சமம். இப்போது ஐந்து சாரத்துக்குச் சமம். தையல்காரி பேராசை பிடித்தவராக மாறவில்லை, சோம்பேறியாகவும் மாறவில்லை. அவர் செய்த வேலையில் ஓர் ஊசிக்குத்துக்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. மாற்றம் நடந்தது பக்கத்து வீட்டில்.

அவருக்கு ஏன் 2000 கிடைத்தே ஆகவேண்டும் என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். கிடைக்காவிட்டால் அவர் விசைத்தறிக்கு வேலைக்குப் போய்விடுவார். அவர் போகாவிட்டாலும் அவரது மகள் தையல் பழக மாட்டாள். கொஞ்சக் காலத்தில் ஊரில் தையல்காரியே இருக்க மாட்டார்.

நம் நாட்டில் இது கற்பனையல்ல. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அடுத்த வருடம் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் கிராமப்புறங்களுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளைக் கொண்டுசெல்லும் 200 தொழிற்சாலைத் திட்டம் ஆரம்பமானது. ஊசி நூல் பிடிக்கத் தெரிந்த பெண்பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே ஒரு சம்பளம் உண்டானது. கார்மென்ட் சம்பளம் பெரியது என்று அங்கே வேலை செய்யும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் மாத முடிவில் அது நிச்சயமாகக் கைக்கு வரும், ஊழியர் சேமலாப நிதியும் உண்டு. உம்மாவுக்கு அது இல்லை. இன்னொரு பக்கம் வளைகுடா நாடுகளுக்குப் பெண்கள் போனார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்படும் அளவுக்கு அது பெருகியிருந்தது. வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கேட்கும் சம்பளத்தைப் பாருங்கள் என்று பெரியவர்கள் குறைப்படும்போது, அந்த வேலைக்காரப் பெண்ணுக்குக் கடல் கடந்தும் ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எனது சாச்சா லண்டனில் இருக்கிறார். ஊருக்கு வந்தால் முதல் வேலையாகத் தலைமுடி வெட்டப் போவார். அங்கே கொடுக்கும் காசுக்கு இங்கே குடும்பமே முடி வெட்டலாம் என்பார். லண்டன் முடிதிருத்துனருக்கு இரண்டு சோடிக் கைகள் இல்லை. அதே கத்தரிக்கோல், அதே இருபது நிமிடம். ஆனால் அவர் வாழும் நகரத்தில் வங்கியிலும் கணினி நிறுவனத்திலும் வேலை செய்பவர்களின் சம்பளம் உயர்வு. முடி வெட்டும் ஆளை அந்தத் தொழிலிலேயே வைத்திருக்க அவருக்கும் அதற்கேற்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உம்மாவின் கொப்பியில் இருபது வருடத்துக்குள் நடந்தது, சாச்சாவின் தலையில் ஒரு விமானப் பயணத்துக்குள் நடக்கிறது.

இயந்திரம் தையலுக்கு ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. உம்மா முதலில் காலால் மிதிக்கும் மெஷினில்தான் தைத்தார். பிறகு மோட்டார் பூட்டினார். நேர்த்தையல்கள் விரைவாயின. ஆனால் ஒரு சாரிச் சட்டையில் நேர்த்தையலுக்குப் போகும் நேரம் கொஞ்சம்தான். அளவெடுப்பது, வெட்டுவது, கழுத்தைத் திருப்புவது, கையைப் பூட்டுவது, போட்டுப் பார்த்து இடுப்பில் அரை அங்குலம் பிடிப்பது ஆகியவை மோட்டாருக்குக் கட்டுப்படுவதில்லை. தொழிற்சாலையில் இந்த வேலைகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்படுகின்றன. ஒருத்தி நாள் முழுதும் கொலர் மட்டும் தைக்கிறாள், அடுத்தவள் கை மட்டும் பூட்டுகிறாள். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று நான்கு அளவுகளில் ஆயிரக்கணக்கில் ஒரே உடுப்பு வெளியே வருகிறது. அதனால்தான் கடை உடுப்பு மலிவு. அந்த உடுப்பு யாருடைய உடம்பையும் கண்டதில்லை. பெரியம்மாவின் பேத்திக்கு ஒரு தோள் கொஞ்சம் இறக்கம். அந்தத் தோளுக்காக உம்மா எடுக்கும் கால் மணித்தியாலத்தை எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது. மருதமுனைக் கைத்தறிச் சாரி ஆலைச் சாரியைவிட விலை கூடியதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். தறியில் கைகள் ஓடும் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது.

பெற்றோர் அதிகமாகக் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன், பிரத்தியேக வகுப்புக் காசு. பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இருத்தி மைக்கில் படிப்பிக்கும் வகுப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே தலைக்கு வாங்கும் காசு குறைவு. ஐந்து பேருக்கு வீட்டில் படிப்பிக்கும் ஆசிரியை வாங்குவது பல மடங்கு. முதலாமவர் மலிவாகக் கொடுப்பது பேச்சை. பேச்சை மைக்கால் பெருக்கலாம், இணையத்தில் ஏற்றினால் இன்னும் பெருக்கலாம். அந்த வகையில் கற்பித்தலும் இந்தச் சிக்கலிலிருந்து கொஞ்சம் தப்பியிருக்கிறது. பிள்ளை எழுதிய கட்டுரையை வாசித்து, இந்த வசனம் ஏன் நொண்டுகிறது என்று சிவப்பு மையால் எழுதுவதைப் பெருக்கும் மைக் எங்கே விற்கிறது? எங்கள் தமிழ் டீச்சர் நாற்பது பேரின் கட்டுரைக் கொப்பிகளையும் வீட்டுக்குக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார். சிறு வயதில் ஓதப் போனபோதும் அப்படித்தான். முப்பது பேர் சத்தமாக ஓதிக்கொண்டிருப்போம். ஆனாலும் ஒவ்வொருவராக முன்னால் போயிருந்து பாடம் கொடுக்க வேண்டும். தவறிய எழுத்தை முஅல்லிமா திருத்திய பிறகுதான் அடுத்த ஆயத்து. அந்த நேரத்தை யாராலும் சுருக்க முடியவில்லை.

1945இலிருந்து நம் நாட்டில் கல்வி இலவசம். அது பெரிய பேறு. ஆனால் இலவசம் என்பதால் செலவு இல்லாமல் போய்விடவில்லை, அந்தப் பற்றுச்சீட்டு நம் வீட்டுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். ஆசிரியைக்கும் தாதிக்கும் வைத்தியருக்கும் கொடுக்கும் சம்பளம் மற்றத் தொழில்களோடு சேர்ந்து ஏறியே ஆகவேண்டும். ஏறாமல் பிடித்து வைத்தால் கணக்குப் புத்தகத்தில் மிச்சம் தெரியும். வகுப்பறையில் ஒரு வாங்கில் மூன்று பேர் இருந்த இடத்தில் நான்கு பேர் இருப்பார்கள். நல்ல ஆசிரியர் கனடாவுக்கு விண்ணப்பம் போடுவார். 'செலவைக் குறைத்துவிட்டோம்' என்று யாராவது சொன்னால், எதைக் குறைத்தீர்கள் என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.

நோய் என்ற பெயர் பொருந்தாது என்று சொன்னேனே. போமோல் 90 வயதை எட்டிய 2012இல் இதே விடயத்தைப் பற்றி இன்னொரு நூல் வெளியிட்டார். கணினி ஏன் மலிகிறது, வைத்தியம் ஏன் மலிவதில்லை என்பதே அதன் கேள்வி. அதில் அவர் நம்பிக்கையோடுதான் பேசுகிறார். என் கற்பனை ஊருக்கே திரும்பிப் பாருங்கள். விசைத்தறிக்கு முன்னர் நெசவாளி தன் ஒரு நாள் கூலியில் 2 சட்டை தைப்பித்திருக்கலாம். இப்போது 2000 ரூபாவில், ஒன்று 1000 வீதம், அதே 2 சட்டை. அவர் ஒன்றையும் இழக்கவில்லை. சாரம் என்று பார்த்தால் 2 வாங்கிய இடத்தில் 10 வாங்கலாம். தையல் விலை ஏறியது அவருக்கு வலிக்கிறது. ஆனால் அவரது வேலை நாளால் அளந்தால் தையல் ஏறவே இல்லை, சாரம்தான் மலிந்திருக்கிறது. ஓர் ஊர் உற்பத்தியில் முன்னேறுவதால்தான் இந்த விலைகள் ஏறுகின்றன. முன்னேறியதால் அவற்றைக் கொடுக்கவும் ஊருக்கு முடியும்.

ஊருக்கு முடியும், பெரியம்மாவுக்கு முடியுமா? டீச்சரிடம் இதைக் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பெரியம்மாவின் மகனுக்கு நிரந்தர வேலை இல்லை. கடற்கரையில் கிடைக்கும் நாளுக்குக் கூலி வேலை, இல்லாவிட்டால் இல்லை. விசைத்தறியால் கூலி இரட்டித்த நெசவாளியின் வீடு அல்ல அது. ஊரின் சம்பளம் சராசரியாக ஏறும்போது தையல் கூலியும் ஏறும். யாருடைய சம்பளம் ஏறாமல் நின்றுவிட்டதோ அவருக்கு அந்தக் கூலி உண்மையாகவே பாரம். பெரியம்மா கஞ்சத்தனத்தால் முகம் சுளித்தார் என்று நினைத்த எனக்கு வெட்கமாக இருந்தது. உம்மா கூடக் கேட்கிறார் என்று நினைத்ததற்கும் வெட்கம்தான். இருவருமே நியாயமாகத்தான் நடந்திருக்கிறார்கள். ஆனாலும் யாரோ ஒருவர் அந்த வித்தியாசத்தைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அன்று உம்மா தன் நித்திரையால் கொடுத்தார்.

அதன் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். உம்மாவுக்குத் தெரியாமல் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தேன். ஒரு சாரிச் சட்டை, அளவெடுப்பதிலிருந்து கொக்கி தைப்பது வரை, நடுவில் சோறு வடித்த நேரத்தைக் கழித்துவிட்டு, நான்கு மணித்தியாலம் பத்து நிமிடம். அவர் வாங்கும் கூலியை அதனால் பிரித்து, ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று எழுதிக் காட்டினேன். தெருமுனையில் மேசன் வேலைக்குக் கைகொடுக்கும் பையனின் மணிக்கூலியைவிட அது குறைவாக இருந்தது. உம்மா தாளை இரண்டு தரம் பார்த்தார். "நாலு மணித்தியாலமா? நான் ரெண்டரை எண்டுதானே நெனச்சிட்டிருந்த" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னர் கூலிப் பட்டியலொன்றை நானே எழுதி, மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். சாரிச் சட்டை, சல்வார், அபாயா, பிள்ளைகளின் உடுப்பு என்று வரிசையாக. உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து வாசித்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, பெரியம்மா வீட்டுக்கு மட்டும் பழைய விலைதான், அதைச் சுவரில் எழுத வேண்டாம் என்றார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். தங்கை தன் துணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இந்த முறை கழுத்துக்கு லேஸ் வேண்டுமாம்.